பஞ்சா பிடித்த மாப்பிள்ளை

நிலைக்கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்க்காத வாலிபன் இருக்க முடியாது. பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் பிழைத்துக்கொள்கிறான். நான் தையற்காரனிடம் போய்ச் சட்டைக் கையைச் சுருக்கித் தைக்கச் சொன்னேன். ஊரார் பார்க்க வேண்டாமா?

அப்போது நான் மெட்ரிகுலேஷன் தேறி, ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்தேன். (தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஷாப் என்று பெயர். அங்கே போய் எதுவும் வாங்க முடியாது. மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் முடியும்.) எதையும் அளவோடு செய்வது எனக்குப் பிறவியிலேயே வராது. முதலில் ஆர்மோனியம் வாசித்து அண்டை வீட்டாரைக் காலி செய்ய வைத்தேன். அப்புறம் ஹோமியோபதி மாத்திரைகளைத் தின்று பார்த்தேன். அந்த வருஷம் தேகப்பயிற்சி பிடித்துக்கொண்டது. மதராஸிலிருந்து வரும் பத்திரிகை ஒன்றில், இடுப்பில் புலித்தோலோடு ஒரு பயில்வான் புஜத்தை உருட்டிக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தப் புஜம் எனக்கு வேண்டும் என்று தீர்மானித்தேன். மற்ற உறுப்புகளைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை.

ஷாப்பில் ஆவாரம்பட்டை நிறுக்கும் இரும்பு எடைக்கற்கள் இருந்தன. மத்தியான வேளையில் எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் அவற்றைத் தூக்கி இறக்குவேன். நரம்பு புடைத்துத் தெரிய வேண்டும் என்று பாலையும் கஞ்சியையும் விட்டேன். புஜம் மளமளவென்று உருண்டது. தாலீம்கானாவில் குஸ்தி பழகிக்கொண்டிருந்த என் தோஸ்த் கரீம் ஒரு நாள் என் கையைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாடா இது, கை மட்டும் ஊதிக்கினே போவுது? கால் வெறகுக் குச்சியாட்டம் கீது. ஒழுங்கா தின்னு, பஸ்கி போடு, ரெண்டு வருஷம் பொறு. எலும்பு தேறணும்ல."

"எலும்புதான் ஏற்கனவே இருக்குதேடா. அது மேல சதையத்தானே ஏத்தணும்?" என்றேன்.

இந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு என் புத்தியின்மேல் இருந்த மரியாதையை இன்று நினைத்தால் அழுகை வருகிறது. சுவரில் சாந்து பூசுகிற மாதிரி எலும்பின் மேல் சதையைப் பூசிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் பொறுக்க எனக்கு ஏது நேரம்? பள்ளிகொண்டாவில் எனக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. பெயர் எஸ்தர். மிஷன் பள்ளியில் வாத்தியாரம்மா. அவளை ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு ஷாப்பில் கணக்குக் கூட்டும்போதெல்லாம் தப்பாக வந்துகொண்டிருந்தது.

எங்கள் சபை வழக்கப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று பாதிரியார் சபை நடுவில் படிப்பார். முதல் ஓலை வாசித்த அன்றே, பகல் சாப்பாட்டுக்குப் பெண் வீட்டில் நிச்சயம் வைத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து மழை. குளிரில் எல்லாரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டேன்.

எஸ்தரின் தாய்மாமன் சாமுவேல் அதைப் பார்த்துவிட்டார். பள்ளிகொண்டாவில் ஜட்கா ஓட்டுகிறவர். குதிரையைவிட அதிகமாக அவர்தான் கனைப்பார்.

"மாப்ள கை உருண்டு திரண்டு கீதே. மூட்டை கீட்டை தூக்கறதா?"

"தேகப்பயிற்சிங்க," என்றேன். அதோடு விட்டேனா? நரம்பு மண்டலம், ரத்த ஓட்டம், பாரத தேசத்தின் பலவீனம் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பாதிரியார் அன்று காலையில் செய்ததைவிட நீளம்.

சாமுவேல் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "அப்ப ஒரு பஞ்சா புடிப்பமா, மாப்ளே?"

பஞ்சா என்றால் முழங்கையை ஊன்றி, கையோடு கை கோத்து, எதிராளியின் கையைச் சாய்ப்பது. எங்கள் ஊர்களில் டீக்கடை பெஞ்சியிலிருந்து கலியாணப் பந்தல் வரை எல்லா இடத்திலும் நடக்கும்.

என் நைனா மெதுவாக, "வேணாம்டா. சாப்ட்டுட்டு கெளம்பலாம்," என்றார்.

உள் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நான் பெஞ்சியில் முழங்கையை ஊன்றினேன்.

உண்மையைச் சொன்னால் நான் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன். சாமுவேலின் கை சாயத் தொடங்கியிருந்தது. அவர் முகம் சிவந்து, வாய் முதல் தடவையாக மூடியிருந்தது. இந்த மகத்தான காட்சியை எஸ்தர் பார்க்கிறாளா என்று தெரிய வேண்டாமா? கை இருந்த இடத்திலேயே இருக்க, உடம்பைக் கதவுப் பக்கம் திருப்பினேன்.

சடக்கென்று ஒரு சத்தம்.

"பெஞ்சி ஒடஞ்சிப்போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். சாமுவேல் என் கையை விடாமலே குனிந்து அடியில் பார்த்தார். "பெஞ்சி நல்லாத்தான் கீது," என்றார். நானும் பார்த்தேன். என் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் புதிதாக ஒரு முழங்கை முளைத்திருந்தது.

அதன்பின் நான் போட்ட கூச்சலைப் பற்றிப் பள்ளிகொண்டாவில் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். எதையும் நான் மறுப்பதில்லை. ஆனால் கூச்சல் அடங்கின பிறகு அந்தக் கூடத்தில் ஒரு அமைதி வந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை. அந்த அமைதிக்குள் ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "யாரும் அடிக்கல, கீழ வுழல. தானா ஒடஞ்சிச்சு. இவன் அத்தகாரியும் இப்படித்தான் பாயிலேர்ந்து எழுந்திருக்கறப்ப இடுப்பு முறிஞ்சி செத்தா. நொய்ஞ்ச எலும்பு வம்சம்."

எஸ்தரின் அப்பா என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்தார்.

என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது யாருடைய ஜட்கா என்று சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் ஊளையிட, ஒவ்வொரு ஊளைக்கும் சாமுவேல் திரும்பி, "நான் ஒண்ணும் பண்ணல மாப்ளே, நீயே பாத்தல்ல," என்றார். ஜனங்கள் மழையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் பலகை வைத்துக் கட்டி, கையை மார்போடு சேர்த்துப் பிணைத்து அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. நிறுத்தி வைக்கும்படி பெண் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள் என்று எங்கள் பாதிரியார் வந்து சொல்லிவிட்டு, காப்பி குடிக்காமல் போனார்.

மழைக்காலம் முழுவதும் படுத்துக் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல வாசலிலேயே செருப்பைவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். யாரும் எஸ்தர் பெயரை எடுக்கவில்லை. கரீம் மட்டும் ஒருதரம், "பேஜாரா கீதுடா," என்று சொல்லிவிட்டு, ஏதாவது சிரிப்பு மூட்டலாமென்று யோசித்துப் பார்த்து, முடியாமல் எழுந்து போனான். வம்சம் என்று பேச்சு கிளம்பிவிட்டால் அது என்னோடு நிற்காது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். இரவெல்லாம் நைனா இருமுகிற சத்தம் கேட்கும். இருமல் இல்லாதபோது அவர் விழித்திருக்கிறார் என்று தெரியும்.

கட்டு அவிழ்த்தபோது உள்ளேயிருந்து வந்தது என் கை இல்லை. புலித்தோல் பயில்வானின் புஜம் போன இடம் தெரியவில்லை. தோல் சுருங்கி, முருங்கைக்காய்போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இனி இதை ஒரு சொம்பு தூக்கக்கூட விடுவதில்லை என்று சபதம் செய்தேன். (எதையும் அளவோடு செய்வது எனக்கு வராது என்று சொன்னேன் அல்லவா?) துண்டில் தூளி கட்டி அதில் கையைப் போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்றவளைப்போல நடமாடினேன். சட்டை மாட்டிவிடவும் தலை வாரிவிடவும் தங்கைகள்.

அப்படியே தூளியோடு மறுபடி வேலூருக்கு, எனக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மாவிடம் போனபோது எஸ்தரின் அப்பாவும் வந்திருந்தார். தன் காதால் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஓலை இன்னும் வாசிப்பதா, கிழித்துப் போடுவதா என்பது அன்று தெரிந்துவிடும்.

டாக்டரம்மா முதலில் தூளியைப் பார்த்தார். "இது எதுக்கு?"

"மறுபடி ஒடஞ்சிடாம இருக்கத்தான்," என்றேன்.

"இப்படியே இருந்தாத்தான் ஒடையும்," என்று தூளியை அவிழ்த்து மேஜைமேல் போட்டார்.

எஸ்தரின் அப்பா எழுந்து நின்றார். "அம்மா, மறைக்காம சொல்லுங்க. இது வம்ச வியாதியா? இவங்க வூட்ல இன்னொருத்தருக்கும் இப்படித்தான் ஆச்சு."

"யாருக்கு?"

நைனா பதில் சொன்னார். "எங்க அக்காவுக்கும்மா. சின்ன வயசிலேயே தாலியறுத்துட்டு வந்தவ. ரொம்பக் கஷ்டப்பட்டா. எங்கிட்ட வந்த பிற்பாடு நான் ஒரு வேலை செய்ய வுடல. ஒரு கொடம் தூக்கினதில்ல, ஒரு படி ஏறினதில்ல. ராணியாட்டம் பாயில ஒக்கார வச்சி சோறு போட்டேன்."

இதை அவர் எப்போதும் பெருமையாகத்தான் சொல்வார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"எத்தனை வருஷம்?"

"சாவற வரைக்கும்."

டாக்டரம்மா நைனாவை ஒருதரம் பார்த்தார். பிறகு என் கையைத் தொட்டபடி எஸ்தரின் அப்பாவிடம் பேசினார். "சதை இழுக்க இழுக்கத்தான் எலும்பு உறுதியாவும். வேலை இல்லன்னா ரெண்டும் சேந்து கரையும். வயசானா இன்னும் ஜாஸ்தி கரையும். அந்தம்மாவுக்கு ஆனது அதுதான். இந்தப் பையன் சமாசாரம் வேற. பட்டினி கெடந்து சதைய மட்டும் அவசரமா ஏத்தினான். எலும்புக்கு அவ்ளோ சீக்கிரம் வராது. அது மேல கையத் திருகிட்டான். வியாதி எதுவும் இல்ல."

"அப்போ வம்சம்..."

"வம்சத்துல ஒண்ணும் இல்லைங்க."

எனக்கு உயிர் வந்தது. எஸ்தரின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திரும்பி நைனாவைப் பார்த்தேன். அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அவிழ்த்துப் போட்ட தூளியை எடுத்து, நாலாக, எட்டாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் எஸ்தரின் அப்பா சொன்னார்: "கை தேறட்டும். நான் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் ஓலை நிக்கட்டும்."

கைக்கு வேலை கொடுக்கும்படி டாக்டரம்மா சொல்லியிருந்தார். எடைக்கல் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. அம்மாதான் வழி சொன்னாள்: "களி கிண்டுடா." கேழ்வரகு மாவு கொதிக்கும் பானையைக் கவைக்கோலால் முட்டுக்கொடுத்து, துடுப்பால் கட்டி விழாமல் கிளற வேண்டும். கிண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குஸ்திதான். முதலில் பானைதான் ஜெயித்தது. மெட்ரிகுலேஷன் குமாஸ்தா அடுப்படியில் வேர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் நெருப்பு வாங்கும் சாக்கில் வந்தார்கள். நான் கிண்டினேன். கிண்டினதைத் தின்றேன். விட்டிருந்த பாலையும் குடித்தேன். கை மெதுவாக, மிக மெதுவாக, கையாகிக்கொண்டு வந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலை எஸ்தரின் அப்பாவும் சாமுவேலும் வந்து நின்றபோது என் முகமெல்லாம் மாவு. சாமுவேல் வாயைத் திறந்தார். எஸ்தரின் அப்பா கையை உயர்த்தி அடக்கினார்.

"எறக்குங்க," என்றார் என்னிடம். "வலது கையால."

பானை நிறையக் களி. துணியைச் சுற்றிப் பானையின் காதைப் பிடித்தேன். இடது கை தானாகத் துணைக்கு வந்தது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து தரைக்கு எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? அந்தத் தூரத்தில் நான் கிழவனாகிவிட்டேன். சத்தம் வருமா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. பானை தரையில் உட்கார்ந்தது.

எஸ்தரின் அப்பா ஓர் உருண்டை களி சாப்பிட்டார். "கட்டி கீது," என்றார். கை கழுவிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓலை வாசிக்கச் சொல்றேன்," என்றார்.

கலியாணத்தன்று கோயிலில் வலது கையை வலது கையோடு பிடிக்கும்படி பாதிரியார் சொன்னபோது எஸ்தர் என் கையை முட்டையைத் தொடுகிற மாதிரி இரண்டு விரலால் தொட்டாள். சபையே சிரித்தது. அவள் தலையைத் தூக்காமல், "வலிச்சா சொல்லுங்க," என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கை இன்னும் முழுசாக நீளாது. மழைக்காலத்தில் குடைச்சல். பஞ்சாவில் ஜெயித்தது யார் என்று சாமுவேலுக்கும் எனக்கும் தகராறு தீரவில்லை. இரண்டு குடும்பத்திலும் எங்கே என்ன விசேஷம் நடந்தாலும் கனமான சாமானெல்லாம் என்னிடம்தான் வரும். டிரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, பலாப்பழம். "மாப்ள எலும்புக்கு வேலை குடுங்க, இல்லாட்டி கரைஞ்சிடும்," என்று சாமுவேல் கனைப்பார். குழந்தைகள்கூட அப்படியே சொல்லிக்கொண்டு தங்கள் பள்ளிக்கூடப் பையை என் தோளில் மாட்டுகிறார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிக்கிறவள் என் மனைவி.

நைனாவுக்கு வயதாகிவிட்டது. அவர் மூட்டையை வாங்கிக்கொள்ள யார் கை நீட்டினாலும் தரமாட்டார். மூச்சு வாங்க, நின்று நின்று, தானே தூக்கிக்கொண்டு என் பின்னால் வருவார். அவரைப் பார்த்து மட்டும் எங்கள் வீட்டில் யாரும் அந்த வேடிக்கையைச் சொல்வதில்லை.