கொளஞ்சி டீச்சரின் தையல் வகுப்பு

"டீச்சர், உங்க மாமியா கேட்டுல நிக்கிறாங்க. தையல் கிளாஸ் எங்கன்னு கேக்கறாங்க."

வாட்ச்மேன் சாமிக்கண்ணு சொன்னதும் கொளஞ்சி டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலை அவசரமாகப் புடவைக்குள் ஒளித்தாள். மைதானத்தில் இறுதி ஆட்டம். திருச்சி ஒரு கோல், இவள் அணியான அரியலூர் ஒரு கோல். இன்னும் இருபது நிமிஷம்தான்.

விஷயம் இதுதான். பதினைந்து வருஷமாக அந்த மகளிர் கல்லூரியில் கொளஞ்சி கால்பந்து கோச். மாமியார் இருசம்மாளுக்கு மட்டும் அவள் தையல் டீச்சர். "நீ பந்து ஆடச் சொல்லிக் குடுக்கறது எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விடச் சொல்லிடும்" என்று கல்யாணத்தன்றே பொய்யைத் தொடங்கி வைத்தவன் கணவன் சாமிதுரை. புண்ணியவான்! சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. காப்பாற்றுவது இவள் தலையில் விழுந்தது. மாமியார் கொடுக்கும் ரவிக்கைத் துணியைக் கடைத்தெரு நஜீமுதீன் டெய்லரிடம் ரகசியமாகக் கொடுப்பாள். தைத்து வந்ததும் தன் கைவேலை என்று வீட்டில் நீட்டுவாள். ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்கு வராது.

"பரீட்சை நடக்குது, பாக்க முடியாதுன்னு சொல்லிடு."

போன வேகத்தில் சாமிக்கண்ணு திரும்பினான். "முடியட்டும், காத்திருக்கேன்னு மைதானத்து வேப்பமரத்தடியில உக்காந்துட்டாங்க!"

போச்சு! கொளஞ்சி மாற்று ஆட்டக்காரிகள் நாலு பேரைத் தாவரவியல் அறைக்கு விரட்டினாள். ஜெர்சிக்கு மேல் தாவணியைச் சுற்றி, விடுதியில் வாங்கிய ஊசியையும் கைக்குட்டையையும் ஆளுக்கொன்றாகத் திணித்துவிட்டு மரத்தடிக்கு ஓடினாள்.

"அத்தை, உள்ள வாங்க."

"இங்க காத்து நல்லா வருதே கொளஞ்சி."

கிட்டத்தட்டத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. உள்ளே வந்ததும் இருசம்மாள் பையிலிருந்து புது ரவிக்கையை எடுத்தாள்.

"கை புடிக்குது. சாயங்காலம் காதுகுத்துக்குப் போவணும். இப்பவே பிரிச்சுத் தச்சுக் குடு."

ஜன்னலில் சாமிக்கண்ணுவின் தலை தெரிந்தது. "டீச்சர்! கோல்கீப்பருக்குக் கால் பிசகிடுச்சு! மாத்து ஆளு கேக்கறாங்க!"

"ஆண்டாயி, போயி... நூல்கண்டு வாங்கிட்டு வா!"

ஆண்டாயி தாவணியை உருவி எறிந்துவிட்டு அரைக்கால் சட்டையோடு பறந்தாள்.

"நூல்கண்டு வாங்கவா இந்த ஓட்டம்?" என்றாள் இருசம்மாள்.

"சொன்னதை உடனே செய்யற பொண்ணு அத்தை."

கொளஞ்சி ஜன்னலருகே போய்ச் சாமிக்கண்ணுவிடம் கிசுகிசுத்தாள். "சைக்கிள எடு. நஜீமுதீன் பாயைக் கையோட கூட்டிட்டு வா."

அதுவரை சமாளிக்க வேண்டுமே! ஒரு கையைப் பிரித்தாள். விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கத் தைத்தாள். முடித்துப் பார்த்தால் கை நுழையும் வழியையே மூடித் தைத்திருந்தாள். அழாத குறையாக நிமிர்ந்தாள். நாற்காலி காலி.

ரவிக்கையோடு மைதானத்துக்கு ஓடினாள். இருசம்மாள் கோட்டோரம் நின்றிருந்தாள். திருச்சிப் பெண் அடித்த பந்தை ஆண்டாயி பாய்ந்து பிடித்தாள்.

"கட்டிப் புடிச்சிக்கிட்டு என்னடி நிக்கிற! எடது பக்கம் தூக்கி அடி, அங்க ஆளே இல்ல!"

கத்தியது மாமியார். ஆண்டாயி அடித்தாள். இடது பக்கம் ஓடிய பெண் அதை வாங்கிக் கோலுக்குள் தள்ளினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பதினைந்து வருஷப் பொய் பட்டப்பகலில் உடைந்து கிடந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தை. நாளைக்கே வேலையை விட்டுடறதா எழுதிக் குடுத்துடறேன்."

"செத்த சும்மா இரு, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு!" இருசம்மாள் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாமிக்கண்ணுவின் சைக்கிளிலிருந்து மூச்சிரைக்க இறங்கிய நஜீமுதீன், கொளஞ்சியின் கையிலிருந்த ரவிக்கையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அல்லாவே! இதை ஏம்மா பிரிச்சீங்க? ஒவ்வொரு தடவையும் நீங்க துணி குடுத்துட்டுப் போன மறுநாளு உங்க மாமியாதானே கடைக்கு வந்து அளவு குடுத்துட்டு, 'எனக்கு விஷயம் தெரியும்னு அதுகிட்ட மூச்சு விட்டுடாதே பாய், பயந்துக்கிட்டுப் பந்தாட்டத்தை விட்டுடும்'னு சொல்லிட்டுப் போவாங்க!"