உன் அத்தை சும்மா இருக்கவில்லை

தாராவி

செம்பூரில் குடித்தனம் இருக்கும் அன்பு மருமகன் மாரிக்கண்ணனுக்கு மாமா பிரம்மநாயகம் எழுதுவது. இங்கே யாவரும் சுகம் என்றுதான் ஆரம்பித்தேன். அது பொய் என்பதால் அடித்துவிட்டேன். மேலே கிடக்கும் கிறுக்கலைப் பார்த்துப் பயப்படாதே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் "ஹாங் மாமா, தேக்தா ஹூங் மாமா" என்று, பார்க்கிறேன் என்பதை ஹிந்தியில் சொல்லி வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டியே போட்டுக்கொடுத்தாள். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இதையாவது மெதுவாகப் படி.

விஷயம் உன் அத்தை பேராச்சியைப் பற்றியது. பட்டறை வைத்துப் பிழைக்கிற ஏழைபாழைகளுக்கும் நல்ல வைத்தியம் கிடைக்க வழி தேடுகிறோம் என்று சொல்லி, உங்கள் ஆராய்ச்சி ஆபீசிலிருந்து ஸ்மிதா என்ற மாட்டுங்காப் பெண்ணை ஜூன் மாதம் நம் சந்துக்கு அனுப்பினாயே, அன்றைக்கு ஆரம்பித்தது வினை. "பட்டறையில யாரெல்லாம் வேலை பண்றா மாமா?" என்று கேட்டாள். நானும் பீகார் ஆட்கள் இரண்டு பேரும் என்றேன். "மாமி?" என்றாள். "அவ சும்மாதாம் இருக்கா" என்றேன். நான் அப்படிச் சொன்ன நேரத்தில் உன் அத்தை மேலே சொலுஷன் பசை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தோல் பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டிய கையோடு இரும்பு ஏணியில் இறங்கி வந்து, சும்மா இருக்கிறவள் என்று எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு டீயும் கொடுத்தாள். இருபத்தாறு வருஷமாக ஒட்டுகிறாள் மாரி. அதை வேலை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை.

வேலை செய்கிற மூன்று பேருக்கும் நெஞ்சு சோதனைக்குச் சீட்டு வந்தது. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். நான் ஊதிய ஊதலில் என் பல்செட் கழன்று டாக்டரின் மேஜையில் போய் உட்கார்ந்தது. அவர் அதைப் பேப்பரில் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இருபது வயசு நுரையீரல் அங்கிள்" என்றார். இருக்காதா பின்னே? இத்தனை வருஷமும் வாசலில் நாற்காலி போட்டுக் காற்றோட்டமாக உட்கார்ந்து, வருகிற வியாபாரிகளிடம் வாயடித்தவன் நான். உள்ளே உட்கார்ந்த பீகார் ஆட்களுக்கு இழுக்கிற மருந்தும் மூக்குக்கு மாஸ்க்கும் கொடுத்தார்கள். சும்மா இருக்கிறவளுக்குச் சீட்டே இல்லை.

அவள் இருமுகிறாள். நம் வீட்டு ஏணிக்குப் பதினோரு படி. ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், "ஏணியத் துடைக்கேன்" என்கிறாள். ஒரு ஏணியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைப்பார்கள்?

பயந்துபோய் உங்கள் ஆபீசுக்கு வந்தேன். அன்றைக்கு நீ லீவு. ஒரு தடவை பதிந்ததை மாற்றவேண்டுமென்றால் அவள் வேலை செய்வதற்கு அத்தாட்சி வேண்டும், முதலாளி எழுதித் தரவேண்டும் என்றார்கள். முதலாளி நான்தான் என்றேன். புருஷன் எழுதினால் செல்லாது, தொழிலாளர் அட்டை கொண்டுவா என்றார்கள். சரியென்று அட்டை பதிகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். விரலை வைக்கச் சொன்னார்கள். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று, துடைத்துத் துடைத்து வைத்தாயிற்று. ரேகையே இல்லை மாரி. எல்லாவற்றையும் சொலுஷன் தின்றுவிட்டது. அங்கே இருந்த பெண் ஆச்சரியப்பட்டு, இவங்க அப்படி என்ன வேலை செய்கிறாங்க என்று ஹிந்தியில் கேட்டாள். அதைச் சொல்லத்தானே போயிருக்கிறேன்? என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "குச் நஹீ, கர் மே பைட்தீ ஹை." ஒன்றுமில்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஹிந்தியிலும் அதே சும்மா! சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. உன் அத்தை என்னைத் திட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, பஸ் போயிரும்" என்றாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். கண்டக்டர், யாரோ ஜேப்படி அடித்துவிட்டான் என்று எண்ணி வண்டியை நிறுத்தி எல்லாருடைய பையையும் சோதிக்கப் பார்த்தார். திருடன் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை தான் மட்டும்தான் கெட்டது. நான் என் வாயால் உன் அத்தையைக் கெடுத்தேன்.

நீ அங்கே ஃபாரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன். அத்தை சும்மா இருக்கிறாள் என்று பதிந்த அந்த ஒரு கட்டத்தைத் திருத்து. முடியாதென்றால் என் சீட்டைப் பிடுங்கி அவளுக்குக் கொடு. இந்த இருபது வயசு நுரையீரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? போன மாதம் இரண்டு தடவை வந்தும் என் முகத்தைப் பார்க்காமலே போனாய். கோபமென்றால் நேரில் வந்து திட்டிவிட்டுப் போ. ஆனால் இதைச் செய்துவிடு. அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் போகாது.

இசக்கியம்மன் புண்ணியத்தில் நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் மூச்சு முட்டாமல் நூறு வயது வாழவேண்டும்.

இப்படிக்கு,
மாமா பிரம்மநாயகம்

பின்குறிப்பு: மாரி, இது அத்தை எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லி மாமா என்னிடம்தான் கொடுத்தார். படித்துவிட்டேன். டீ வாங்கும்போதே அந்தப் பிள்ளை ஸ்மிதா என் விரலைப் பார்த்துவிட்டதையும், அவளும் நீயும் போன மாதம் என்னைக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்ததையும், இனி இது சரியாகாது என்று டாக்டர் சொன்னதையும் மாமாவிடம் சொல்லக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். இனி அந்தச் சத்தியம் வேண்டாம். அடுத்த ஞாயிறு வந்து, "பேரு ஏறிட்டு மாமா, அத்தையக் கூட்டிட்டு வாங்க" என்று சொல். அவரே என்னைக் கூட்டி வரட்டும். அவர் எழுதித்தான் நடந்தது என்று இருக்கட்டும். டாக்டரையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்லச் சொல். எதனால் வந்தது என்று கட்டாயம் கேட்பார். முன்பு வைத்திருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகை என்று சொல்லிவிடுங்கள், அவர் தாங்கமாட்டார். ஃபாரத்தில் மட்டும் சொலுஷன் என்றே எழுது. நம் சந்தில் பக்கத்து வீட்டுச் சுலைகாவோடு சேர்த்து இன்னும் ஒன்பது பெண்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.