மூன்று கட்டங்களில் அடங்காதது

கணினியில் மூன்றே கட்டங்கள் இருந்தன: ஆள், கால்நடை, சரக்கு. லாகோஸ் முதல் அபிஜான் வரை ஐந்து நாடுகளைக் கோக்கும் புதிய வழித்தடத்துக்காக, பெனின்–டோகோ எல்லைச் சாவடியில் போன மாதம்தான் அதை வைத்தார்கள். ஸாங்பெட்டோ எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

சாயம் தோய்த்த வைக்கோல் கூம்பு, ஆளுயரத்துக்கும் மேலே. ஊர்க்காவல் தெய்வம். உள்ளே ஆள் இல்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. இருக்கிறான் என்று வாய் தவறிச் சொன்னவனை ஊரைவிட்டே தள்ளிவைப்பார்கள்.

அதை லாரியில் கொண்டுவந்த ஊர்க் குழுவின் தலைவன் ஹுவேசு மணி பார்த்தான். இரண்டு பத்து. நாலு மணிக்குள் ஸாங்பெட்டோ டோகோ பக்கம் அனெஹோ விழாத் திடலில் சுழலவேண்டும். நானூறு சுற்றுலாக்காரர்கள், முதல் அழைப்பு. தவறினால் அந்த இடம் பக்கத்து ஊர்க் குழுவுக்கு.

"உள்ள யாரு?" என்றாள் அதிகாரி மதாம் அய்லோ.

"யாரும் இல்ல மதாம்."

காலையில் மச்சான் கோஜோ லாரியின் பின்பக்கம் ஏறிக் கித்தானை இழுத்துவிட்டதை ஹுவேசு தன் கண்ணால் பார்த்திருந்தான்.

"யாரும் இல்லாம எப்படி இறங்கி நடந்து வந்துச்சு?"

"அது அப்படித்தான் மதாம்."

"அப்போ உயிர் இருக்கு. கால்நடை. தடுப்பூசிச் சீட்டு எங்க?"

"தெய்வத்துக்கு எங்க போய் ஊசி போடுறது? சரக்குன்னே போட்டுக்குங்க."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். கணினி எடை கேட்டது. ஸாங்பெட்டோ ஆடி அசைந்து தானே தராசில் ஏறியது. முப்பத்தொரு கிலோ. கோஜோ மட்டுமே எண்பது இருப்பான். புதுத் தராசும் ஓட்டைதான் போல என்று நினைத்துக்கொண்டான் ஹுவேசு.

"வைக்கோல் சரக்கா? பூச்சி மருந்துப் புகை போடணும். மூடின அறையில இருபது நிமிஷம்."

ஹுவேசு வைக்கோலோடு வாய் வைத்துக் கிசுகிசுத்தான். "மச்சான், மூச்சை அடக்கிக்குவியா?"

கூம்பு தலையாட்டியது. சுழன்றுகொண்டே புகை அறைக்குள் போனது. பேருந்துப் பயணிகள் கைதட்டிப் படம் பிடித்தார்கள். லாரி ஓட்டுநர்கள் ஹாரனால் தாளம் போட்டார்கள். முகமூடி போட்ட சாவடி ஊழியன் புகைக் குழாயோடு வந்து கதவை இழுத்தான்.

தள்ளிவைத்தால் வைக்கட்டும். மச்சான் செத்தால் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது?

"நிறுத்துங்க. உள்ள ஆள் இருக்கான். என் மச்சான் கோஜோ."

ஹாரன்கள் அடங்கின. குழுவில் வந்தவர்கள் ஹுவேசுவை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். மதாம் அய்லோ முகம் மலர்ந்து முதல் கட்டத்தைத் தட்டினாள்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அவன் அடையாள அட்டையைக் கொடு."

அறைக்குள் ஸாங்பெட்டோ இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

சாவடி வாசலில் காராமணி வடை சுட்டுக்கொண்டிருந்த அஃபி நிமிர்ந்தாள்.

"யாரு, கோஜோவா? லாரி வரிசையில நிக்கும்போதே அவன் இறங்கி, பதினோரு மணிக்கே அட்டையைக் காட்டி முத்திரை வாங்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டானே. எங்க அக்கா கடையில உக்காந்து, இவங்க இன்னும் ஏன் வரலைன்னு கேட்டுக்கிட்டு இருக்கான்."