சிக்னல் வேண்டாமென்ற வேலை

அடுத்த வீட்டுக்காரன் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ? போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். நான் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறவள்தான் ஒன்று விடாமல் சொல்வாள் என்று உங்களுக்கும் தெரியும், அதனால்தான் இடத்தைவிட்டு நகராமல் இருக்கிறீர்கள். சரி, இருங்கள். ஆள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இனிமேல் யார் சொல்லி அவனுக்கு என்ன நட்டம்.

தூத்துக்குடியில் வாயைத் திறக்காமலே ஊரை நிறுத்தவும் நகர்த்தவும் தெரிந்த ஒரே மனிதன் எங்கள் தெருச் சிக்னல்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. அவனுக்குக் கல்யாண ஓலை வாசித்த அன்று கோயிலில் சாமியார் அந்தப் பெயரைச் சொன்னார். யாரோ வெளியூர் மாப்பிள்ளை போலிருக்கிறது என்று தெருவே கொட்டாவி விட்டது.

துறைமுகத்தில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. கிரேன்காரர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே ஆட்கள் நிற்பார்கள், அவர்கள் தலைக்கு மேலே டன் கணக்கில் சரக்கு தொங்கும். மேல்தட்டில் ஓரமாக நின்று, கீழேயும் பார்த்து மேலேயும் பார்த்து, கையால் சொல்கிறவன் சிக்னல். விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. ஓர் உள்ளங்கையின்மேல் இன்னொன்றை வைத்தால் பைய. விரல்களை மூடிக் கை முட்டியை மடக்கினால் நில். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கிரேன்காரர் அந்தக் கையை மட்டும் பார்ப்பார். அந்தக் கையை நம்பித்தான் கீழே நிற்கிறவன் அண்ணாந்து பார்க்காமல் வேலை செய்வான்.

முப்பது வருடம் இப்படிச் செய்ததில், கைக்குப் பேச்சு வந்துவிட்டது, வாய்க்குப் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தால் விரல் சுழலும், அவன் பெண்டாட்டி ரோஸ்லின் சோறு போடுவாள். உள்ளங்கைமேல் உள்ளங்கை வைப்பான், குழம்பைப் பைய ஊற்றுவாள். முட்டி மடங்கினால்தான் நிறுத்துவாள். ஒருநாள் இரண்டு பேருக்கும் சண்டை. அவள் வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு ஊற்றினாள். இவன் முட்டியை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தான். குழம்பு தட்டைத் தாண்டி, தரையைத் தாண்டி, வாசல்படி வரை வந்துவிட்டது.

"போதும்னு வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிந்துரும்?" என்று அவள் கத்தியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அவன் பதில் சொன்னானா என்று கேட்காதீர்கள். முட்டியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினானாம்.

இன்னொரு வருடம் எங்கள் தெருக்கோயில் திருவிழாவில் சப்பரம் வந்துகொண்டிருந்தது. வடம் பிடித்தவர்கள் எல்லோரும் துறைமுகத்து ஆட்கள். முக்குத் திரும்பும்போது சப்பரம் சடக்கென்று நின்றது. சாமியார் முன்னாலிருந்து ஓடி வந்து, "ஏன்ப்பா நிப்பாட்டிட்டீங்க, இழுங்க" என்கிறார்.

"எப்படி சாமி இழுக்க? சிக்னல் முட்டிய மடக்கி நிக்கான்லா" என்றான் முன்வரிசையில் நின்ற ஒருவன்.

பார்த்தால், சிக்னல் ஓரமாக நின்று ஒரு கொசுவைப் பிடித்திருக்கிறான். விரித்தால் பறந்துவிடுமே என்று கையை மூடியபடியே நிற்கிறான். மாதா, மேளம், சாமியார், அறுபது ஆம்பிளைகள் என்று அத்தனை பேரும் ஒரு கொசுவுக்காகக் காத்துக் கிடந்தோம்.

சிரிக்கிறீர்கள். அந்தக் கைக்கு வேறு வேலையும் இருந்தது. எங்கள் தெருவில் யார் செத்தாலும் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது சிக்னல்தான் தலைமாட்டில் நிற்பான். கயிறு பிடிக்கிற நாலு பேரும் குழியைப் பார்க்க மாட்டார்கள், அவன் கையைத்தான் பார்ப்பார்கள். பெட்டி ஒரு பக்கமும் சாயாது, மண்ணில் உரசாது. என் வீட்டுக்காரரை, உயிரோடிருந்தபோது கட்டிலிலிருந்து ஒழுங்காக இறங்கத் தெரியாத மனிதரை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி உள்ளே விட்டான். அன்றைக்கு நான் அழுததில் பாதி அதைப் பார்த்துத்தான். அவனையே இறக்கும்போது தலைமாட்டில் ஆள் இல்லை. பெட்டி கோணிக்கொண்டு போய் இரண்டு இடத்தில் இடித்தது. உள்ளேயிருந்து கையை நீட்டி நிறுத்துவானோ என்று பார்த்தேன். நீட்டவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். வேலைக்கு வருகிறேன்.

கம்பெனியில் எல்லோருக்கும் வாக்கி டாக்கி வாங்கினார்கள். அதில் பேசினால் போதும், கை எதற்கு என்று சிக்னலை நிறுத்திவிட்டார்கள். அப்படித் தானாக விடாமல் வேலை போனவர்களுக்கு மூன்று மாதம் பாதிச் சம்பளம் கொடுக்கிற அரசாங்க ஆபீஸ் ஒன்று இருக்கிறது. வேலை கிடைத்தால் போகத் தயாராக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வந்த வேலையை வேண்டாம் என்று சொன்னால் பணம் நின்றுவிடும். ரோஸ்லின் வீட்டில் அந்தப் பணத்தில்தான் உலை கொதித்தது.

வேலை போன மனிதன் மூஞ்சியைத் தொங்கப் போடுவான் என்று பார்த்தால், இவன் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி வைத்துவிட்டு வந்தான். பிறகு வாசலில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது மாதம் கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். கையில் ஒரு பெட்டி மக்ரூன். இரைச்சலில் வாக்கி டாக்கி சரியாகக் கேட்கவில்லையாம், மரக்கட்டை இறக்கும்போது கயிறு சிக்கிக்கொண்டதாம், கிரேன்காரர்கள் சிக்னலைக் கூப்பிடச் சொல்கிறார்களாம். பழைய சம்பளம், வாசல்வரை வண்டி.

ரோஸ்லின் அப்போதே மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். சிக்னல் கையை எடுக்காமலே சொன்னான்.

"எனக்குக் கடக்காத்து ஒத்துக்கிட மாட்டேங்கு சார்."

கடலுக்கு இருநூறு அடியில் பிறந்தவன். சூப்பர்வைசர் சிரித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, நாளைக்குக் கப்பல் வருது. வெளையாடாதீங்க."

"அந்தக் கப்பல் பேரு எனக்குப் பிடிக்கல."

"பேரு என்னன்னே நான் சொல்லலையே."

"சொன்னாலும் பிடிக்காது."

மக்ரூன் பெட்டியை நீட்டினார். அதையும் தொடவில்லை. மக்ரூனை வேண்டாமென்ற தூத்துக்குடிக்காரனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் ரோஸ்லினும் தின்றோம். அவள் அழுதுகொண்டே தின்றாள். சூப்பர்வைசர் பைக்கை உதைத்தார். "கவர்மெண்டு காசுல உக்காந்து திங்க ருசி பட்டுட்டு, என்ன? ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பேச்சைத் தெரு அப்படியே பிடித்துக்கொண்டது. ரோஸ்லின் என்னிடம் வந்து நின்றாள். "யக்கா, நீங்க சொன்னா கேப்பாவ. ஒரு வார்த்த சொல்லுங்க. அவியளுக்கு என்னமோ ஆயிட்டு. இப்பல்லாம் சாப்பிடும்போது வாயத் தொறந்து போதும்னு சொல்லுதாவ. எனக்குப் பயமா இருக்கு."

நான் போய்க் கேட்டேன். "ஏலே, ஒனக்கென்ன கிறுக்கா? தேடி வந்த சீதேவிய எதுக்குல வெரட்டுத?"

"சனி பாக்குதான் யக்கா."

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரனுக்கு ஏதுல சனி?"

"அதான் யக்கா, பழக்கமில்லாத சனி. ரொம்பப் படுத்துதான்" என்றான். தொடைக்கடியிலிருந்து கை வரவே இல்லை.

அந்த வாரமே எங்கள் தெருக்கடைசியில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிக்னலைப் பார்த்தார்கள். அவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். "யோவ், வாரும்யா" என்று முன்னால் தள்ளிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வலது கையை எடுத்து விரலைச் சுழற்றினான். பெட்டி இறங்கியது. பாதியில் நிறுத்த முட்டியை மடக்கினான்.

முட்டி நிற்கவில்லை. காற்றில் பனை ஓலை ஆடுகிற மாதிரி ஆடியது. ஒரு கயிற்றுக்காரன் நில் என்று எடுத்துக்கொண்டான், இன்னொருவன் இறக்கு என்று எடுத்துக்கொண்டான். பெட்டியின் கால்மாடு சடாரென்று கீழே போய், பெரியவர் உள்ளே எழுந்து நின்றுவிட்டார். ஆளாளுக்கு ஓடிப் பிடித்தார்கள். கயிற்றுக்காரன்மேல்தான் எல்லோரும் பாய்ந்தார்கள், குடித்துவிட்டு வந்தாயா என்று. சிக்னல் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றான்.

நான் பின்னாலேயே போனேன். "கையக் காட்டு."

"வேண்டாம்க்கா."

"காட்டுல."

காட்டினான். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். என் கையும் சேர்ந்து ஆடியது.

"எப்ப இருந்து?"

"ஆறேழு மாசமாவே கொஞ்சங்கொஞ்சம். கம்பெனில நிப்பாட்டுததுக்கு முந்துன வாரம் ஒருநா முட்டிய மடக்குதேன், கிரேன்காரன் இன்னும் ரெண்டடி எறக்கிட்டான். கீழ நின்னவன் தலத்துண்டு மட்டும் சரக்குல உரசி விழுந்திச்சி. அவன் சிரிச்சிட்டுப் போயிட்டான். நான் மூணு நாளு சாப்பிடல. மறுவாரம் வேல இல்லன்னுட்டானுவ. சாமி நம்மளக் காப்பாத்திட்டாருன்னு போயி மெழுகுவத்தி வச்சேன்."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"அப்ப இதச் சொல்லிட்டுப் போயேம்ல. எதுக்குச் சனி, கடக்காத்துன்னு?"

"சொன்னா என்னாவும்? முப்பது வருசமா என் கைக்குக் கீழ நின்னவனுவ ஊரு பூரா இருக்கானுவ. ஆடுன கைன்னு கேட்டா அவனுவளுக்கு இனி ராத்திரி ஒறக்கம் வராதுல்லா. எந்த நாளு தப்புச்சோம், எந்த நாளு தப்புச்சோம்னு யோசிச்சிக்கிட்டே கெடப்பானுவ. ஒரு பயகிட்டயும் சொல்லாதீங்க யக்கா."

அவன் கையை நானே திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆபீஸில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ரோஸ்லினை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு சின்னப் பெண், நல்ல பிள்ளை, எங்களை உட்காரவைத்துப் பேசினாள்.

"ஐயா, பழைய கம்பெனில திரும்பக் கூப்பிட்டாங்க, நீங்க போகல. காரணம் எழுதணும். உடம்பு சரியில்லையா? அப்படின்னா டாக்டர் பார்த்து எழுதித் தரணும். ஆனா வேலைக்கு முடியாதவங்களுக்கு இந்தப் பணம் கிடையாது. அது வேற ரூல்."

"முடியும்னா?" என்றேன் நான்.

"முடியும்னா போயிருக்கணும்லம்மா."

நண்டுக்கு இரண்டு பக்கமும் வலை. கை ஆடுகிறது என்றால் பணம் போகும், பெயரும் போகும். ஆடவில்லை என்றால் நாளைக்கே கப்பலில் போய் நிற்க வேண்டும், கீழே ஆட்கள் நிற்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது. ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்களேன் என்கிற மாதிரி பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்லிவிடுவோமா என்று வாயெடுத்தேன். அவன் மேசைக்கடியில் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி முட்டியை மடக்கினான். ஆடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் புரிந்தது, நிறுத்திக்கொண்டேன்.

"விருப்பமில்லன்னு எழுதிக்கிடுங்கம்மா" என்றான்.

"விருப்பமில்லன்னா இந்த மாசத்தோட நிப்பாட்டிருவாங்க ஐயா."

"எழுதிக்கிடுங்க."

கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் நடுங்குகிறது என்று அவள் நினைத்திருப்பாள். விசிறியைக் கூட்டி வைத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பெயரை எழுதி முடித்தோம். ஞானஸ்நானப் பெயரை அன்றைக்குத்தான் நானும் வாசித்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். துறைமுக ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் நிறுத்தம் வந்ததும் பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்கப் போனவன், பாதியில் கீழே போட்டுவிட்டு, "எறக்கம்" என்று வாயால் கத்தினான். ஒரு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு குரல் இருந்திருக்கிறது அவனுக்கு.

ரோஸ்லினிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவனுக்குக் காப்பி கொண்டுவந்தாள். கை ஆடினாலும் சிந்தாத மாதிரி, டம்ளரில் பாதிக்குத்தான் ஊற்றியிருந்தாள்.

மறுநாள் காலையில் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், இப்போது நீங்கள் பிடித்துக்கொண்ட மாதிரியே. ஆபீஸ் பணம் நின்றுபோன செய்தி அதற்குள் பரவிவிட்டது. பொம்பிளைகள் எல்லோரும் குடத்தை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். மூன்றாம் வீட்டுக்காரிதான் கேட்டாள்.

"கூடவே போனீகளே யக்கா, என்னதான் சொன்னாவ? கம்பெனிக்காரன் வண்டி அனுப்புதேன்னு சொல்லியும் ஏன் போவ மாட்டேங்காவ?"

"வேற என்னளா? கொழுப்பு" என்றேன். "இரும்பு மாதிரி ஒடம்பு, கல்லு மாதிரி கையி, எவனாவது கொற சொல்ல முடியுமா? நாளைக்கே போனாலும் அவன அடிக்க அந்தத் துறைமுகத்துல ஆளு கெடையாது. போவ மாட்டேன்னு உக்காந்துருக்கான், சோம்பேறிப் பய."