மாமனார் சைக்கிளுக்கு வைத்தியம்

"அண்ணே, மாமனார் மத்தியான பஸ்சுல வந்து இறங்கறதுக்குள்ள இதை நிமித்திக் குடுங்க. இல்லைன்னா நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்!"

பென்னாகரம் கொல்லர் கோவிந்தன் சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹேண்டிலின் வலது பக்கம் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது.

அதைக் கொண்டுவந்த தர்மன் வூட்டோட மாப்பிள்ளை. மாமனார் மாது புளியமரத்திலிருந்து விழுந்து கையில் கட்டோடு இருந்ததால், சைக்கிள் கோணி போர்த்திக்கொண்டு கிடந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, நாளையிலிருந்து ஏறுவாராம். அதற்குள் ஒரு தரமாவது ஓட்டிவிட வேண்டுமென்று இருட்டோடு தள்ளிக்கொண்டு வந்த தர்மன், முதல் திருப்பத்திலேயே எருக்குழியில் விழுந்தான்.

"அது வந்துங்க..." என்று ஆரம்பித்தாள் துருத்தி ஊதிக்கொண்டிருந்த கொல்லர் மனைவி ராஜாமணி.

"நீ துருத்தியைப் பாரு" என்றார் கோவிந்தன்.

ஹேண்டிலைக் கழற்றினார். எஃகுக் குழாயைச் சிவக்கக் காய்ச்சி, நிமிர்த்தி, சாம்பலில் புதைத்தார். "மெதுவா ஆறணும். அப்பத்தான் விரிசல் விடாது."

விரிசல் விடவில்லை. தர்மன் கையை ஊன்றிப் பார்த்தான். புடலங்காய் மாதிரி தொங்கியது.

"என்னண்ணே இது, களி மாதிரி இருக்கு!"

"ரொம்ப ஆறிப்போச்சு. தண்ணி காட்டினா விறைச்சுக்கும்."

"ஏங்க, அது முன்னாடியே..."

"துருத்தி!"

மறுபடி காய்ச்சித் தொட்டித் தண்ணீரில் முக்கினார். 'சொய்ங்' என்றது. வெளியே எடுத்தால் கல்லு. தர்மன் சந்தோஷம் தாங்காமல் பட்டறைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினான். பாதி ஹேண்டில் காலடியில் விழுந்தது.

"வளைவு போயிடுச்சா இல்லையா?" என்றார் கோவிந்தன், அசராமல்.

"அந்தப் பக்கமே போயிடுச்சேண்ணே!"

ஜெர்மன் சண்டைக் காலம்; புது ஹேண்டில் சேலத்திலேயே கிடைக்காது. உடைந்த இடத்தில் மூங்கில் குச்சியைச் செருகி, தர்மன் தோளிலிருந்த துண்டைக் கிழித்துச் சுற்றினார்கள். கட்டுப் போட்ட கை மாதிரியே இருந்தது. தூரத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ் இருமிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரு! நான் என்னன்னு சொல்றது?"

கோவிந்தன் அப்போதுதான் மனைவி பக்கம் திரும்பினார். "காலையிலருந்து என்னமோ முனகறியே, என்ன அது?"

ராஜாமணி துருத்தியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வாரம் நீங்க அரூர் சந்தைக்குப் போயிருந்தப்ப மாதண்ணன் இதைத் தள்ளிக்கிட்டு வந்தாருங்க. வலது கை முழுசா நீள மாட்டேங்குதுன்னாரு. அந்தப் பக்கத்தை உள்ள வளைச்சுக் குடுத்ததே நான்தான்."