செவ்வொளி ஏந்திய ஜெயரூபனார்

வாழி, உடுவிலூர்ப் பெருந்தகையே! இடவிளக்கப் படத்தில் மலையையும் மடுவையும் ஒரே நோக்கில் பிரித்தறியும் கூர்விழியோனே! புவியியல் புகட்டும் ஆசிரியர்களுள் ஏறே! ஐம்பதாம் அகவையின் வாயிலில் நின்று, நெற்றியில் தொடங்கி ஆண்டுதோறும் ஓரங்குலம் முன்னேறிவந்த வழுக்கையென்னும் வல்லரசனைத் தனியொருவராய் எதிர்த்த ஜெயரூபனாரே, நின் புகழ் ஓங்குக!

அப்போருக்கு அவர் ஏந்திய படைக்கலமோ அவருக்கென வந்ததன்று. இடத்தோள் இறுகிக் கையை உயர்த்த இயலாது, தன் கூந்தலைத் தானே பின்னவும் மாட்டாது ஆறு திங்களாய் அல்லற்பட்ட மனைவி அருந்ததிக்காக, அவள் தங்கை தர்சினி ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய சிவப்பொளிப் பலகை அது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கொப்பி அளவு அகலம்; பவளம் பதித்தாற்போல் வரிசை வரிசையாய்ச் சிறுவிளக்குகள். இரவு முழுதும் சார்ஜ் ஏற்றினால் அரைமணி நேரம் எரியும். சார்ஜில் கிடக்கையில் எரியாது. நோவுள்ள இடத்தில் நாளும் இருபது நிமிடம் பிடிக்கவேண்டும் என்பது விதி. ஆனால் பெட்டியோடு வந்த தாளின் கடைசி மூலையில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், முடி வளரவும் உதவக்கூடும் என்றொரு வரி இருந்தது. அருந்ததி அதை வாசிக்கவில்லை. அவர் வாசித்தார், மறுமுறையும் வாசித்தார்.

மூண்டது பெருஞ்சமர். பள்ளி விட்டு இரண்டு மணிக்கு அவர் இல்லம் புகுவார். பிரதேச செயலகத்தில் பணிபுரியும் அருந்ததி மீள ஐந்தாகும். அந்த இடைப்பொழுதில் யன்னல்களை அடைத்து, கண்காப்புக் கருங்கண்ணாடி பூண்டு, கதிரையெனும் தேரேறி, குன்றைக் குடையாய்த் தாங்கிய மாயவனே போலப் பலகையைச் சிரத்தின்மேல் இருகரத்தாலும் உயர்த்தி நிற்பார் நம் தலைவர். தோள் கடுக்கும், வியர்வை வெள்ளமெனப் பெருகும், நுளம்பொன்று மூக்கின் முகட்டில் பாசறை அமைக்கும், அசையார்! அரைமணியும் தீர்ந்து பலகை தானே கண்மூடிய பின்னரே, அதைச் சார்ஜில் செருகிவிட்டுச் சோறுண்ணச் செல்வார். ஞாயிறுதோறும் இரு கண்ணாடிகளுக்கு நடுவே நின்று, படை எண்ணும் சேனாபதியாய்ப் புதுமுடி எண்ணுவார். முதல் வாரம் மூன்று தெரிந்தன. துடைத்துப் பார்த்தபோது அவை கண்ணாடியின் கீறல்கள்.

மாலையில் அருந்ததி தோளில் பலகையைப் பிடித்தால் எட்டாம் நிமிடத்தில் அது அணைந்துபோகும். அவள் அதைத் தட்டிப் பார்ப்பாள், பெருமூச்செறிவாள். அப்போதெல்லாம் ஆசிரியர்களுள் ஏறு விடைத்தாள் திருத்துவதில் மும்முரமாயிருக்கும்.

நான்காம் வாரம் ஒரு மாலை, அருந்ததி தொலைபேசியில் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "தர்சினி, உது பழுதுச் சாமான் போலை கிடக்கு. எட்டு நிமிசத்திலை நிண்டிடுது. நான் தோள்மூட்டுக்கை ஊசி போடுவமெண்டு முடிவெடுத்திட்டன்."

ஊசியென்றால் உள்ளங்கை வியர்க்கும் பெண் அவள். தேநீர்க் கோப்பையும் கையுமாய் வாசலில் நின்ற தலைவரின் நெஞ்சக் களத்தில் மனச்சாட்சியும் மயிராசையும் வாளோடு வாள் மோதின. சொல்லிவிடுவதா? நாளை சொல்லலாமா? பெரும்படை இரண்டும் சமபலத்தில் நின்ற அவ்வேளையில், பக்கத்து வளவில் கோழி வளர்க்கும் பிரகாஸ் படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"மாஸ்டர், எத்தினை கோழிக்குஞ்சு இறக்கியிருக்கிறியள்?"

"என்ன கோழிக்குஞ்சு?" என்றாள் அருந்ததி.

"ஒவ்வொரு நாளும் ரெண்டு மணிக்கு மாஸ்டற்றை அறை ஓட்டையுக்காலை சிவப்பு வெளிச்சம் தெரியுது அக்கா. குஞ்சுக்குச் சூடு குடுக்கிறாராக்கும் எண்டு நினைச்சன். எனக்கும் ஒரு பத்துத் தாங்கோவன்."

அருந்ததியின் பார்வை பலகைக்குச் சென்றது. பின்னர் மெல்ல எழுந்து, கணவரின் ஒளிவீசும் உச்சியில் சென்று நிலைத்தது. கோட்டை வீழ்ந்தது, கொடி சாய்ந்தது. தலைவர் கோப்பையைக் கீழே வைத்து, திக்கெட்டும் கேட்கப் பிரகடனம் செய்தார்:

"ஓமப்பா. நான்தான். தலைக்குப் பிடிச்சனான்."

"ஐயோ அத்தான்!" என்று ரொறன்ரோ விழுந்து விழுந்து சிரித்தது. அருந்ததி சிரிக்கவில்லை.

"நான் ஏழு மாதமாக் கை தூக்கேலாமல் கிடக்கிறன். நீங்கள் தலைமயிருக்குப் பிடிச்சனீங்களே?" எழுந்து அருகே வந்து, "குனியுங்கோ, பாப்பம்" என்றாள். குனிந்தார். நெடுநேரம் ஆராய்ந்தாள். "ஒண்டும் முளைக்கேல்லை" என்றபோதுதான் அவள் வாயோரம் சிரிப்பு உடைந்தது.

அன்றுமுதல் படைக்கலம் உரியவளைச் சேர்ந்தது. மலை தாங்கிய அதே கரங்கள் மாலைதோறும் இருபது நிமிடம் அவள் தோளருகே அதைப் பிடித்து நின்றன. வெளிச்சமோ, ஆசுபத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியோ, இரண்டுமோ யாரறிவார்! ஊசியின்றியே மூன்றாம் மாதத்தில் ஒரு காலை அவள் கை காதைக் கடந்து, உச்சியைக் கடந்து, பின்னலைத் தானே பின்னி முடித்தது. கண்டு கசிந்தார், களித்தார், தன் தோல்வியினும் இனிய வெற்றி மூவுலகிலும் இல்லையென முழங்கினார், முடியிழந்தும் மாண்பிழவாப் பேராண்மையர், ஒளிக்கு ஒளி காட்டும் உச்சியர், செருவென்ற ஜெயரூபனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் சுன்னாகம் சந்தைக்குப் போய் ஒரு தொப்பி வாங்கினார்.