மாளவிகாவின் மஞ்சள் புடவை

இந்தக் காலத்தில் ‘தெரியாது’ என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வருவதில்லை. வழி கேட்டால் தெரியாதவன்தான் முதலில் கையை நீட்டுகிறான். பூட்டு ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், சாவியைக் கண்ணால்கூடப் பார்க்காதவன் காரணம் சொல்கிறான். ராயப்பேட்டையில் பூட்டுச்சாவிக் கடை வைத்திருக்கும் உமர் ஃபாரூக் இதை யாரிடமாவது சொல்லிக் கசந்துகொள்ளாத நாள் கிடையாது. தன் கடைப் பூட்டைத் தானே பூட்டிவிட்டு, தானே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற ஆள் அவர்.

இன்று காலை அவருக்கே அந்த வாய் வரவில்லை.

மனைவி சகினா மயிலாப்பூரில் கண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புரை எடுத்தாகிவிட்டது. சர்க்கரை ஏறியிருந்ததால் ஒரு ராத்திரி தங்கச் சொல்லிவிட்டார்கள். டிவி, போன் எதையும் பார்க்கக்கூடாது. அதுவும் எந்த ராத்திரி? ஆறு வருஷமாக அவள் விடாமல் பார்த்த சீரியலின் கடைசி எபிசோட் வருகிற ராத்திரி.

“மாளவிகா அந்த சாய்நாத்த மன்னிச்சாளா இல்லியான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். “வேற எவ சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா சேத்து சொல்லுவாளுங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஆனால் அதே நேரத்தில் உலகக் கோப்பையில் பிரேசில் மேட்ச். விளம்பரம் வரும்போது மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தார். கால்பந்தில் விளம்பரம் வருவதில்லை. இடைவேளையில் சீரியலுக்கு மாற்றினார். அங்கே நகைக்கடன் விளம்பரம் ஓடியது. திரும்பி வந்தார். ஆட்டம் முடிகிறேன் முடிகிறேன் என்று இழுத்துக்கொண்டே போனது. பச்சைக் கழுத்து வைத்த மஞ்சள் சட்டையில் ஆடிய பிரேசில் ஒரு கோல் போட்டு, பாத்திரத்தை மூடாமல் தூங்கிய பொம்பளை மாதிரி ஒரு கோலை விட்டு, கடைசியில் பெனால்டியில் தோற்றது. அதற்குள் சீரியலும் முடிந்து, அடுத்ததும் முடிந்து, எவனோ மூலிகை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தான்.

காலையில் உடம்பு முழுக்க வலி. தோற்றது பிரேசில், அடி வாங்கினது இவர் மாதிரி இருந்தது. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காஷிஃப் டீக்கடையில் நின்றார்.

“நேத்து அந்த சீரியல் பாத்தியா?” என்று யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

“அதக் கேக்காத பாய், வயிறு எரியுது.” காஷிஃப் டீயை ஓங்கி ஆற்றினான். “ஆறு வருஷம் ஓட்டி, கடைசில இன்னா பண்ணான் தெரியுமா? மன்னிச்சுட்டா. அவனோடயே போயிட்டா. இதுக்கு இன்னாத்துக்கு நைனா இத்தினி நாளு?”

உமர் ஃபாரூக் அவனை மேலும் கீழும் பார்த்தார். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன். ஆனாலும் வேறு கதி இல்லை.

ஆஸ்பத்திரி அறையில் இரண்டு கட்டில். சகினாவுக்கு ஒரு கண்ணில் கட்டு. பக்கத்துக் கட்டிலில் நீரஜா என்று ஒரு மாமி படுத்திருந்தாள். அவளுடைய புருஷன் ஸ்ரீனிவாசராகவன், பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், நாற்காலியில் பேப்பரும் கையுமாக இருந்தார்.

“சொல்லுங்க” என்றாள் சகினா. டீயைக்கூடக் கேட்கவில்லை.

“மன்னிச்சுட்டா. அவனோடயே போயிட்டா.”

சகினாவின் உதடு கோணியது. அழக்கூடாது, கண்ணில் தண்ணி வரக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“முழுசா மன்னிக்கல” என்றார் உமர் ஃபாரூக் அவசரமாக. “சும்மா வாயால சொன்னா.”

“அவன் கால்ல விழுந்தானா?”

“விழுந்தான். எழுந்திரிக்கவேயில்ல.”

“அவ இன்னா கட்டியிருந்தா?”

அவருக்கு நேற்று பார்த்ததில் ஒரே ஒரு நிறம்தான் மனதில் இருந்தது.

“மஞ்ச. பச்ச பார்டரு.”

“அழுதாளா?”

“எல்லாரும் அழுதாங்க. தரையில உக்காந்து, துணியால மூஞ்ச மூடிக்கினு அழுதாங்க.”

“தரையிலயா? அந்த மாமியார்க்காரியுமா?”

“அவதான் மொதல்ல.”

பேப்பர் மடங்கியது. “மன்னிக்கவும் பாய்” என்றார் ஸ்ரீனிவாசராகவன். “மாளவிகா அவனோட போகவே இல்லை. டெல்லிக்கு வேலை கிடைச்சுப் போயிட்டா. படு அபத்தம். நேத்திக்கு ஆத்துல எல்லாருமா உக்காண்டு பாத்தோம்.”

“இன்னாங்க இது?” சகினா கட்டுப் போடாத கண்ணால் அவரைத் தேடினாள்.

உமர் ஃபாரூக்குக்குச் சூடு ஏறியது. தான் பார்க்கவில்லை என்பது அவருக்கு மறந்தே போனது. “டெல்லியா? பொட்டி எங்க? பொட்டி இல்லாம எவ சார் டெல்லிக்குப் போவா? நான் பாத்தேன். அவன் கையப் புடிச்சுக்கினு போனா.”

“எந்தக் கை?”

“வலது கை.”

“நீங்க தூங்கியிருப்பேள்.”

“நீங்க கண்ணாடிய மாத்துங்க. ஆஸ்பத்திரியிலதான கீறீங்க.”

நீரஜா மாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மருமகள் ஜோயா இட்லி டப்பாவோடு உள்ளே வந்தாள். நேற்று ராத்திரி அவள் திருவல்லிக்கேணியில் அம்மா வீட்டில் இருந்தாள்.

“நீயே சொல்லும்மா” என்றாள் சகினா. “மாளவிகா போனாளா, போகலியா?”

ஜோயா டப்பாவைத் திறக்கிறவரைக்கும்தான் யோசித்தாள். “அய்ய, அதெல்லாம் கனவு மாமி. ஆறு வருஷமும் கனவு. கடைசில மாளவிகா காலேஜ் பஸ்ஸுல தூங்கி எழுந்திரிக்கிறா. எங்க அம்மா ரிமோட்ட வீசிட்டாங்க.”

“கனவாம்” என்றார் ஸ்ரீனிவாசராகவன். “அது எப்படி கனவாகும்? லாஜிக் வேண்டாமா?”

“டெல்லிக்கு இன்னா லாஜிக்?” என்றார் உமர் ஃபாரூக்.

“இருங்க” என்றாள் சகினா. “அவ இன்னா நிறம் கட்டியிருந்தா? அதச் சொல்லுங்க ரெண்டு பேரும்.”

“மஞ்சள்” என்றார் ஸ்ரீனிவாசராகவன் சட்டென்று.

“மஞ்சதான்” என்றாள் ஜோயா. “பச்ச பார்டர்.”

உமர் ஃபாரூக் நிமிர்ந்தார். தான் வாயில் வந்ததைச் சொன்னது எப்படி மூன்று பேருக்கும் ஒத்துப்போகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் விடவில்லை. “பாத்தியா, மஞ்ச. நான் சொன்னேன்ல.”

“அப்போ தரையில உக்காந்து அழுதது?” என்றாள் சகினா.

“அழுதா” என்றார் ஸ்ரீனிவாசராகவன், குரல் இறங்கி. “பாக்கவே சகிக்கலை.”

கட்டிலுக்கடியில் அசைந்துகொண்டிருந்த ஈரத் துணி நின்றது. அதுவரை பேசாமல் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா தேவானை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“காலங்காத்தால இன்னா நீங்க? நேத்து எங்க போட்டான் கடைசி எபிசோடு? மேட்ச் கீது, ஒருத்தரும் பாக்க மாட்டாங்கன்னு இன்னிக்கு ராத்திரிக்குத் தள்ளி வெச்சுட்டான். நேத்து போன வாரத்தையே திரும்பப் போட்டான்.”

ஜோயா இட்லிக்கு மேல் சட்னி ஊற்றினாள், தேவைக்கு அதிகமாகவே. ஸ்ரீனிவாசராகவன் பேப்பரை விரித்துக்கொண்டார். விரிந்தது விளையாட்டுப் பக்கம்.

“பெனால்டி வரைக்கும் விட்டிருக்கவே கூடாது” என்று அதற்குள்ளிருந்து முனகினார்.

சகினா தலையணையில் சாய்ந்தாள். “சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன். கண்ண மூடிக்கினு காதால கேட்டுக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.”

உமர் ஃபாரூக் காலி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். இருந்த ஒரே நல்ல வார்த்தையும் போய்விட்டது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். தேவானை அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள், உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தபடி.

இவள் மட்டும் பார்த்தாளா என்ன? இவளும் மேட்ச்தான் பார்த்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே ரோட்டைக் கடந்தார்.